கையா, கழுத்தா?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் இப்போதே படியுங்கள். மற்றவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ஆற அமரப் படிக்கலாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவன் இல்லை. மேல்நிலை வகுப்புகளுக்கு 31 ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆனால் இன்று பேசப்போகும் விஷயத்தில் பாதி, பதினோராம் வகுப்புப் பாடம்தான்.

வாயால் சாப்பிட முடியாத நோயாளிக்கு இரத்தக் குழாய் வழியாக உணவு கொடுக்கிறார்கள் இல்லையா, அதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, புறங்கையிலோ முன்கையிலோ தெரியும் சின்னக் குழாயில் வென்ஃப்ளான் போட்டு அதன் வழியே கொடுப்பது. இன்னொன்று, கழுத்திலோ காறை எலும்புக்குக் கீழேயோ ஊசி போட்டு, இதயத்தை ஒட்டியிருக்கும் பெரிய சிரை வரை ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி அதன் வழியே கொடுப்பது. நர்சுகள் 'சென்ட்ரல் லைன்' என்பது இதைத்தான். நம் ஜனங்கள் மனதில் முதலாவது 'சாதாரண ட்ரிப்ஸ்', இரண்டாவது 'கடைசி ஸ்டேஜ்'. இந்த எண்ணம் தவறு. தவறு என்பதோடு நிற்காமல், சில நோயாளிகளை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பட்டினி போடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

(நாம் எல்லாரும் 'நரம்பு ஊசி' என்கிறோம். ஊசி ஏறுவது நரம்பில் இல்லை, சிரையில். நரம்பில் ஏறினால் அலறிவிடுவோம். பழக்கத்தில் வந்த சொல், போகட்டும்.)

குளுக்கோஸ் பாட்டிலில் இருந்து ஆரம்பிக்கலாம். "நாலு நாளா ஒண்ணும் சாப்பிடல, ஆனா குளுக்கோஸ் ஏத்துறாங்க, தெம்பாத்தான் இருக்காரு" என்று சொல்லாத குடும்பம் உண்டா? கணக்குப் போடுவோம். அரை லிட்டர் பாட்டிலில் 5 சதவீதக் குளுக்கோஸ். அதாவது 25 கிராம். ஐந்து தேக்கரண்டி சர்க்கரை. கிடைக்கும் சக்தி சுமார் 85 கலோரி. இரண்டு சின்ன இட்லி அளவு. ஒரு நாளைக்கு மூன்று பாட்டில் ஏற்றினாலும் 255 கலோரிதான். புரதம் ஒரு துளிகூட இல்லை. உப்புநீர் பாட்டில் என்றால் கலோரி பூஜ்யம். அந்த பாட்டில்கள் தண்ணீருக்காகவும் உப்புச் சத்துக்காகவும் ஏற்றப்படுபவை. இரண்டு மூன்று நாளைக்கு அது போதும். பத்து நாளைக்குப் போதாது. உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்ன ஆரம்பிக்கும். தசை கரைந்தால் புண் ஆறாது, இருமக்கூடத் திராணி இருக்காது.

இது எனக்கு நேரில் தெரியவந்தது தமிழய்யா விஷயத்தில். என்னோடு 14 வருஷம் ஒரே பள்ளியில் இருந்தவர். குடல் அடைப்பு என்று ஒரு மருத்துவமனையில் சேர்த்து, அறுவை செய்து குடலில் ஒரு பகுதியை எடுத்தார்கள். தைத்த இடத்தில் கசிவு. வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது, மூக்குக் குழாய் வழியாகவும் கூடாது என்றுவிட்டார்கள். முதல் ஐந்து நாள் வெறும் குளுக்கோஸும் உப்புநீரும். ஆறாம் நாள்தான் சத்துப் பை வந்தது, கை வழியாக. பால் நிறத்தில் இருந்ததைப் பார்த்து அவர் அக்கா, "பாலைப் போய் யாராச்சும் நரம்புல ஏத்துவாங்களா?" என்று நர்சிடம் சண்டைக்குப் போய்விட்டார்.

பால் இல்லை, பால்மம். எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று சேராது. சோயா எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாக்கி, முட்டை மஞ்சள்கருவில் இருந்து எடுத்த பாஸ்போலிப்பிடைக் கொண்டு அந்தத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நீரில் மிதக்க வைத்திருக்கிறார்கள். அதனால் வெள்ளை. முட்டையோ சோயாவோ ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தமிழய்யா சுத்த சைவம். மஞ்சள்கரு சமாச்சாரத்தை இந்தப் பதிவைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப்போகிறார்.

மூன்று நாளில் அவர் கை சிவந்து, ஊசி போட்ட இடத்தில் இருந்து முழங்கை வரை சிரை கயிறு மாதிரி தடித்துவிட்டது. ஊசியை இடம் மாற்றினார்கள். அடுத்த கை. மறுபடி இடம் மாற்றினார்கள். ஐந்தாவது முறை குத்த இடம் கிடைக்கவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? இங்கேதான் நம் பாடம் வருகிறது. மாங்காயை வெட்டி உப்புப் போட்டு வைத்தால் மறுநாள் துண்டு சுருங்கி, ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும். அடர்த்தி குறைந்த பக்கத்தில் இருந்து அடர்த்தி மிகுந்த பக்கத்துக்கு நீர் போகும். சவ்வூடு பரவல். இரத்தத்தின் அடர்த்தியை இதற்கான அலகில் அளந்தால் லிட்டருக்குச் சுமார் 290 மில்லி ஆஸ்மோல். 5 சதவீதக் குளுக்கோஸும் கிட்டத்தட்ட அதே அளவு, அதனால் கைச் சிரை அதைத் தாங்கும். சர்க்கரை, அமினோ அமிலம், உப்புகள் என்று சேர்க்கச் சேர்க்க அடர்த்தி ஏறும். 900 வரை கைச் சிரைக்குக் கொடுக்கலாம் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை. அதற்குமேல் போனால் சிரையின் உட்சுவர் செல்களுக்கு மாங்காய்த் துண்டின் கதிதான். எல்லைக்குள் இருந்தாலும் நாள் ஆக ஆகப் புண்ணாகும். முழு உணவு அடங்கிய பையின் அடர்த்தி சுமார் 1500.

அந்த 1500-ஐ இதயத்துக்கு அருகில் இருக்கும் பெரிய சிரை மட்டும் எப்படித் தாங்குகிறது? அதன் சுவர் ஒன்றும் இரும்பு இல்லை. ஓட்டம்தான் காரணம். அங்கே நிமிடத்துக்குச் சுமார் 2 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. ஒன்றரை லிட்டர் பையை 24 மணி நேரத்தில் ஏற்றினால் நிமிடத்துக்கு 1 மில்லிதான். 1 மில்லி போய் 2000 மில்லியில் விழுந்தால் என்ன தெரியும்? ஆடிப்பெருக்குக் காவிரியில் ஒரு குடம் உப்புநீரைக் கொட்டின மாதிரி. அதே குடத்தை வயல் வாய்க்காலில் கொட்டினால் பயிர் கருகிவிடும். கைச் சிரை வாய்க்கால்.

ஆகவே கை வழிப் பையை வேண்டுமென்றே நீர்க்கச் செய்கிறார்கள். சர்க்கரையைக் குறைத்து, அடர்த்தியை ஏற்றாமல் கலோரி தரும் கொழுப்புப் பால்மத்தைக் கூட்டுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். கை வழிப் பை ஒன்று, ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் 1000 கலோரி, புரதத்துக்கான அமினோ அமிலம் சுமார் 34 கிராம். ஏறக்குறைய அதே அளவு சென்ட்ரல் லைன் பையில் 1600 கலோரி, அமினோ அமிலம் 75 கிராம். தமிழய்யா எடை 52 கிலோ. கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி என்று வைத்தால் நாளொன்றுக்கு 1300 முதல் 1560 வரை வேண்டும். புரதம் 62 முதல் 78 கிராம். கை வழியாக அந்தப் புரதத்தைக் கொடுக்க இரண்டு பை வேண்டும். கிட்டத்தட்ட 3 லிட்டர் நீர். அவருக்கோ கால் வீக்கம், படுத்தால் மூச்சு வாங்குகிறது. தண்ணீரைக் குறையுங்கள் என்று இதய மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஒரு பைதான் ஏறியது. அதாவது தேவையான புரதத்தில் பாதி.

இந்த நிலையில்தான் அறுவை மருத்துவர் கழுத்தில் லைன் போடலாம் என்றார். குடும்பம் கூடிவிட்டது. அக்கா ஒரே பிடியாக, "கழுத்துல போட்டா அவ்வளவுதான், எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் போட்டாங்க" என்று அழுகை. மகன் என் பழைய மாணவன். இரவு பத்தரை மணிக்குப் போன் செய்தான். "சார், கையிலயே ஏத்துங்கன்னு எழுதிக் கொடுத்துடலாமா?"

"தம்பி, டாக்டர்கிட்ட ரெண்டே கேள்வி கேளு. இன்னும் எத்தனை நாள் வாயில கொடுக்க முடியாது? இப்ப ஏறுறது அப்பாவுக்குத் தேவையானதுல எவ்வளவு?" என்றேன்.

பதில் மறுநாள் காலை வந்தது. குறைந்தது இரண்டு வாரம். பாதி. அதற்கப்புறம் யாரும் எதுவும் பேசவில்லை. கையெழுத்துப் போட்டான்.

அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். கழுத்தில் லைன் போட்ட நோயாளிகள் அதிகம் இறப்பதை ஜனங்கள் கண்ணால் பார்க்கிறார்கள். ஆனால் மிகவும் முடியாமல் இருப்பவர்களுக்குத்தான் அது போடப்படுகிறது. குடை பிடித்ததால் மழை வந்தது என்று சொல்லலாமா?

இந்த இரண்டு வழிகளும் தோன்றியதில் ஒரு சுவையான கதை இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் சுவீடனில் ஆர்விட் ரெட்லிண்ட் என்பவர் உடம்பு ஏற்றுக்கொள்ளும் கொழுப்புப் பால்மத்தைச் செய்து காட்டினார். அமெரிக்காவிலோ வேறொரு பால்மம் நோயாளிகளுக்குக் கெடுதல் செய்ததால் பால்மம் என்றாலே பயம். கொழுப்பு இல்லாமல் முழு உணவு என்றால் சர்க்கரையை வெல்லப்பாகு மாதிரி அடர்த்தியாகத்தான் கொடுக்க வேண்டும். அதைக் கைச் சிரை தாங்காது. எனவே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டட்ரிக் என்ற இளம் அறுவை மருத்துவர் பெரிய சிரைக்குப் போனார். நாய்க்குட்டிகளுக்கு வாயில் எதுவும் கொடுக்காமல் சிரை வழியாக மட்டுமே உணவு கொடுத்தார். கூடப் பிறந்த குட்டிகளுக்கு ஈடாக அவை வளர்ந்தன. அடுத்து 1967-இல், சிறுகுடல் ஏறத்தாழ இல்லாமலே பிறந்த ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தை எடை கூடியது, வளர்ந்தது. கடைசியில் பிழைக்கவில்லை. ஆனால் குடல் இல்லாமலும் ஓர் உயிரை வளர்க்க முடியும் என்று உலகம் அன்றுதான் கண்டது. ஆக, அன்று கை வழிக்கும் கழுத்து வழிக்கும் நடுவில் நின்றது நோயின் கடுமை இல்லை, எந்த நாட்டில் எந்தச் சரக்கு கிடைத்தது என்பதுதான்.

சரி, கழுத்து வழியில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஊசி தவறினால் நுரையீரலைக் குத்திக் காற்றுக் கசியலாம், தமனியில் படலாம். அதனால்தான் போட்டு முடித்ததும் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். சிரைக்குள் இரத்தம் உறையலாம். எல்லாவற்றையும்விடப் பெரியது கிருமித் தொற்று. இதயத்தின் வாசலில் ஒரு கதவைத் திறந்து வைத்து, அதன் வழியே சர்க்கரையும் கொழுப்பும் கொட்டினால் கிருமிக்குக் கொண்டாட்டம். இரத்தத்தில் கிருமி பரவினால் உயிர் போகலாம்.

ஆனால் இந்தத் தொற்று விதி அல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பீட்டர் புரோனவோஸ்ட் என்ற மருத்துவரின் குழு ஐந்தே ஐந்து வேலைகளைக் கட்டாயமாக்கியது. கை கழுவு. லைன் போடும்போது மேலங்கி, முகமூடி, உறை அணிந்து நோயாளியை முழுக்கத் துணியால் மூடு. தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடை. முடிந்தவரை தொடையிடுக்கில் போடாதே. தேவை முடிந்த அன்றே எடுத்துவிடு. 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆயிரம் லைன் நாட்களுக்கு 2.7 என்று இருந்த தொற்றின் இடைநிலை அளவு, மூன்று மாதத்தில் பூஜ்யம். புது மருந்து கிடையாது, புது இயந்திரம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கை கழுவச் சொல்லித் தருகிறோமே, அதே சமாச்சாரம். ஆகவே என் கருத்து இது: கழுத்து லைன் பாதுகாப்பானதா என்று பொதுவாகக் கேட்பதில் பொருள் இல்லை. இந்த வார்டில், இந்தக் கைகளில் பாதுகாப்பானதா என்று கேட்க வேண்டும். ஆறு கட்டிலுக்கு ஒரு நர்ஸ், கை கழுவ ஒரு குழாய், அதிலும் தண்ணீர் வராது என்ற இடத்தில் நானே தயங்குவேன்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கை மடிப்புக்கு மேலே ஊசி போட்டு, அங்கிருந்தே நீளமான குழாயை மார்புப் பெரிய சிரை வரை கொண்டு போவதும் உண்டு. 'பிக் லைன்' என்பார்கள். பார்த்தால் கையில்தான் இருக்கும். ஆனால் அது சென்ட்ரல் லைன்தான். எங்கே நுழைகிறது என்பது கணக்கில்லை, நுனி எங்கே போய் நிற்கிறது என்பதுதான் கணக்கு. அடர்த்தி மிகுந்த பையைத் தாங்குவதும் அதனால்தான், தொற்றுக்குப் பயப்பட வேண்டியதும் அதனால்தான்.

நான் கழுத்துக் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். குடல் வேலை செய்கிறதென்றால் கையும் வேண்டாம், கழுத்தும் வேண்டாம். வாய், இல்லையென்றால் மூக்குக் குழாய். ரைல்ஸ் டியூப் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று சிரை வழி கேட்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அது சரியில்லை. குடலுக்கு வேலை கொடுத்தால்தான் குடல் குடலாக இருக்கும். அவசரமும் கூடாது. பெல்ஜியத்தில் 4640 தீவிர சிகிச்சை நோயாளிகளை வைத்துச் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், குழாய் உணவு போதாதவர்களுக்குச் சிரை உணவை உடனே தொடங்கியதைவிட, எட்டாம் நாள் வரை பொறுத்தவர்களுக்குத் தொற்று குறைவு, சீக்கிரம் தேறினார்கள். அவர்கள் எல்லாரும் ஏற்கெனவே எலும்பும் தோலுமாக வந்தவர்கள் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பட்டினியில் மெலிந்து வந்தவருக்குக் கணக்கு வேறு.

அப்படி மெலிந்தவருக்கும் முதல் நாளே முழுப் பையை ஏற்றக் கூடாது. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் சட்டென்று சர்க்கரை ஏறினால், இரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்லுக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். இதயமே தடுமாறும். இரண்டாம் உலகப் போரில் பட்டினி கிடந்து மீண்டவர்கள் சாப்பாடு கிடைத்த பிறகு இறந்துபோனது இப்படித்தான். ஆகவே பாதிப் பையோடு நிறுத்தி, இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள் என்றால் "காசு பறிக்கிறான்" என்று கத்தாதீர்கள்.

கைக்கும் ஒரு காலம் உண்டு. இன்னும் நாலைந்து நாளில், அதிகம் போனால் ஒரு வாரத்தில் கஞ்சி கொடுத்துவிடலாம், ஆள் ஓரளவு தெம்பாக வந்தவர், கைச் சிரை நன்றாக இருக்கிறது, தண்ணீரும் தாங்கும் என்றால் கை வழி போதும். கழுத்தைக் குத்த வேண்டாம். இரண்டு வாரம் ஆகும், நீர் குறைக்க வேண்டும், புரதம் அதிகம் வேண்டும் என்றால் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது பாசம் இல்லை.

எனக்கு உண்மையான கோபம் வேறு இடத்தில். தமிழய்யாவை அந்த ஆறு நாளில் ஒருவரும் எடை பார்க்கவில்லை. 52 கிலோ என்பது மகன் போன மாதம் மருந்துக்கடையில் பார்த்தது. எடை தெரியாமல் எப்படி உணவுக் கணக்குப் போடுவது? சென்ட்ரல் லைனுக்கு நீட்டிய சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். நாற்பது ஆண்டு தமிழ் நடத்தியவர் வீட்டில், தமிழில் ஐந்து நிமிடம் விளக்க ஆள் இல்லை. நுனி எங்கே நிற்கும், எத்தனை நாளைக்கு, எப்போது எடுப்பீர்கள், தினமும் யார் பார்ப்பார்கள் என்று நான்கு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்த அக்கா அழுதிருக்க மாட்டார். ஒரு நாள் பைக்குச் சில ஆயிரம் ரூபாய் வாங்குகிறார்கள். அதற்குள் இந்த ஐந்து நிமிடமும் அடங்கத்தான் வேண்டும்.

தமிழய்யாவுக்கு லைன் 12 நாள் இருந்தது. பன்னிரண்டாம் நாள் மாலை குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். இரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்துக்கொண்டு அன்றிரவே லைனைப் பிடுங்கிவிட்டார்கள். ஒரு வாரம் ஆன்டிபயாடிக். சொன்னேனே, ஆபத்து இருக்கிறது. ஆனால் அதற்குள் கசிவு அடைந்து, மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்தது ஏற்க ஆரம்பித்திருந்தது. இப்போது இரண்டு இட்லி சாப்பிடுகிறார், எழுத்துப் பிழை பார்த்து எனக்கு வாட்ஸப் அனுப்புகிறார்.

கூட இருப்பவர்களுக்குச் சில வார்த்தை. கை வழி ஏறும்போது ஊசி இடம் சிவந்தாலோ சுட்டாலோ வலித்தாலோ காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காதீர்கள், உடனே நர்சைக் கூப்பிடுங்கள். கழுத்து லைன் இருக்கும்போது நடுக்கம் வந்தால் எத்தனை மணிக்கு வந்தது, அப்போது பை ஓடிக்கொண்டிருந்ததா என்று குறித்துச் சொல்லுங்கள். ஒட்டியிருக்கும் பிளாஸ்டர் நனைந்தாலோ பிரிந்தாலோ நீங்களே அழுத்தி ஒட்டாதீர்கள்.

முக்கியமாக, ட்ரிப்ஸ் குழாயில் இருக்கும் சின்ன உருளையைத் தொடாதீர்கள். பக்கத்துக் கட்டில்காரரின் மைத்துனர், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பை முடிந்தால் கிளம்பலாம் என்று உருளையைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். நர்ஸ் பார்த்துவிட்டுப் போட்ட சத்தம் மாடிப்படி வரை கேட்டதாம். 24 மணி நேரத்தில் ஏற வேண்டிய சர்க்கரை நான்கு மணி நேரத்தில் ஏறினால் இரத்தச் சர்க்கரை எகிறிவிடும். அவர் பஸ்ஸையும் விட்டுவிட்டார்.